கால் பிழைத்தால்

காது அடைக்கிறதாம், எச்சிலை விழுங்கச் சொல்ல வேண்டும், சொன்னாள், "முழுங்குடா, கொட்டாவி விடு" என்று கையிலிருந்த ரிசீவருக்குள், ஆக்ஸிஜன் ஏற்றும் கண்ணாடிக் குழாய்க்குள் மல்லாந்து கிடந்த தம்பி வாயை அகலத் திறந்து மூடினான், "மீன் தொட்டியில கெடக்கிற மாதிரி இருக்குக்கா, இரை போடுவியா?"... இந்த நிலையிலும் வாய் மட்டும் குறையவில்லை. வாய்க்கொழுப்பு இருந்தால் உயிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? போதை ஊசி போட்டுக்கொண்டு வலது காலை மடித்தபடி அதன் மேலேயே விழுந்தவன், பொழுது விடிந்தும் எழவில்லை, கதவை உடைத்து அவள் புரட்டியபோது கால் மரக்கட்டையாக இறுகியிருந்தது, ஆஸ்பத்திரியில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது, பிறகு அதுவும் நின்றது. "நசுங்கின சதை செத்து ரத்தத்துல கலந்திருக்கும்மா, வடிகட்ட முடியாம கிட்னி அடைச்சுக்கிச்சு" என்றார் டாக்டர், ரத்தத்தைச் சுத்தம் செய்ய டயாலிசிஸ், மிச்சச் சதையைக் காப்பாற்ற அழுத்தம் கூட்டிய இந்த ஆக்ஸிஜன் குழாய், கால் தங்குமா என்று கேட்டதற்கு மட்டும் கையை விரித்தார்.

வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுத் திரிந்தானே, அப்போதே கேட்டிருக்க வேண்டாமா... கேட்டாள், "இதான்க்கா ஸ்டைலு" என்றான், நம்பினாள், நம்புவது சுலபமாக இருந்தது. தெரிந்த பிறகு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தாள், மதிலேறிக் குதித்தான், வீட்டில் வைத்துப் பூட்டினாள், குளியலறை ஜன்னல் வழியாக ஓடினான், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று அம்மா சொல்லிச் சிரித்த பிள்ளை. மூக்குக்கண்ணாடிக் கடையில் யார் முகத்துக்கோ ஃப்ரேம் மாட்டும்போதும் அவள் காது செல்போனிலேயே கிடக்கும், போலீஸா, பிணவறையா... இன்றைக்குத்தான் அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிகிறது, இறுகிய தோள்கள் தாமாக இறங்கியிருக்கின்றன, ஸ்டூலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், சீ, இது என்ன நிம்மதி.

"அக்கா, கட்டைவிரல் அசையுது. பாரேன்." பார்த்தாள். வீக்கம் இறங்கக் கீறிக் கட்டுப் போட்ட காலின் நுனியில், மெல்ல, நிஜமாகவே. "அசையுதுடா, அசையுது" என்றாள், கால் பிழைத்துவிடும், எழுந்து நிற்பான், நடப்பான், நடந்து... எங்கே போவான்? முதலில் எந்தத் தெருவுக்கு? பெற்ற தாய்க்குச் சமமாக வளர்த்தவள் நினைக்கிற நினைப்பா இது? மெஷின் அருகே நின்ற டெக்னீஷியன் திரும்பினார், "நேரம் முடிஞ்சுதும்மா, அழுத்தத்தைக் குறைச்சுக் கதவைத் திறந்திடலாம்."

"மெதுவாவே குறைங்க" என்றாள், "ஒண்ணும் அவசரமில்ல", சொல்லிவிட்டுத்தான் யோசித்தாள், யாருக்கு அவசரமில்லை?