காரை இறுகும் முன்

மேற்றிசை மலைகளில் பெய்த மழையைச் சுமந்து மதுரையை நோக்கி வையை இறங்கிவரும் ஐப்பசித் திங்களின் ஒரு காலைப்பொழுதில், சமயநல்லூருக்கு மேற்கே பச்சையும் பொன்னும் கலந்து விளைந்து கிடந்த நெல்வயல்களின்மீது கருமுகில் கவிந்து, ஞாயிறு எழுந்ததோ இல்லையோ என ஐயுறும்படி வெளியெங்கும் இருண்டிருந்தது. அவ்வயல்களினூடே ஓடி வையையில் சேரும் காட்டோடையின் குறுக்கே, நாயக்கர் காலத்தில் எழுப்பிய மூன்று கண் கற்பாலம் ஒன்று நின்றது. அதன் நடுக்காலைத் தழுவியபடி, இடுப்பளவு நீரில் பேயாண்டி என்னும் உழவன் நின்றுகொண்டிருந்தான்.

கற்றறிந்தீர், கல்லுக்காக ஒருவன் இத்துணைத் துடிப்பானோ என நகையாதீர். முந்தைய ஆண்டு வெள்ளத்தில் நடுக்கால் சரிந்ததும், முள்வேலியிட்டுப் பாலத்தை அடைத்துவிட்டனர். அவ்வாண்டே அவன் மனைவி ஒச்சாயிக்குத் தலைப்பேற்று வலி கண்டது. அக்கரையிலிருந்த மருத்துவச்சி நான்கு கல் தொலைவு சுற்றி வந்து சேருமுன் பிள்ளை இறந்தே பிறந்தது. இப்போது ஒச்சாயி மீண்டும் எட்டுத் திங்கள் சூலி. பாலத்தை இடித்துக் கல்லைச் சாலைக்கு இடப்போவதாக மேலிடத்து ஆணை வந்தபோது, பேயாண்டி செருப்புத் தேய நடந்து மன்றாடினான். ஊராரே செப்பனிட்டு, அது இவ்வாண்டு மழையைத் தாங்கி நின்றால் விட்டுவிடுவதாக அலுவலர் ஒருவர் இசைந்தார்.

அவர் இசைந்தது ஆனியின் கடைசியில். மறுநாளே தொடங்கியிருக்கலாம். ஆடிப்பட்டம் தேடி விதைக்கத் தெரிந்த ஊர், அதே ஆடியில் ஒரு கல்லை எடுத்து வைக்க அஞ்சியது. ஊரைக் குறை சொல்வானேன்? மனைவி சூல்கொண்டிருக்கையில் ஆடியில் கட்டுமானம் ஆகாதென்று முதலில் சொன்னவனே பேயாண்டிதான். ஆவணியில் தொடங்கி, கடுக்காய் நீரும் பனைவெல்லமும் சேர்த்தரைத்த சுண்ணாம்புக் காரையால் நடுக்காலைக் கட்டி முடிக்கப் புரட்டாசி கழிந்தது. அக்காரை இறுக நாற்பது நாள் வேண்டும். அன்று இருபத்திரண்டாம் நாள்.

கொத்தன் காசிமாயன் கல்லிடுக்கில் நகத்தைப் பதித்துப் பார்த்தான். நகம் இறங்கியது.

“உள்ள இன்னும் பச்சையாத்தான் இருக்கு அண்ணே. மேக்க பேஞ்ச தண்ணி உச்சிக்குள்ள வந்துரும். அம்புட்டும் இதுல மோதுனா நிக்காது.”

“வேற வழியே இல்லையாடா?”

“மேக்கால கரைய வெட்டிப் பாதித் தண்ணியத் திருப்பிவிட்டா நிக்கும்.” சொல்லிவிட்டுக் காசிமாயன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

மேற்கே கரை தாழ்ந்திருந்த இடத்தை அடுத்துக் கிடந்தது பேயாண்டியின் வயல். உலகில் அவனுக்கென்று இருந்த ஒரே வயல். கதிர் முற்றித் தலைசாய்த்து, அறுவடைக்குப் பத்தே நாள் இருந்தது. கதிர் போனாலும் போகட்டும் எனலாம். காட்டோடை நீரோ மணலைச் சுமந்து வருவது. அது ஏறிய நிலத்தில் பின்னர் ஏர் இறங்குவதில்லை.

ஆதலால் கரையை வெட்டாமல், மூங்கிலும் வைக்கோலும் மண்ணும் கொண்டு நடுக்காலைச் சுற்றி ஊரார் அணையெழுப்பினர். வெள்ளம் வருமுன் போட வேண்டிய அணையை வெள்ளத்தின் வாயில் நின்று போட்டால் என்னாகும்? ஒரே மோதலில் அதனை நீர் அடித்துக்கொண்டு போயிற்று. பேயாண்டி மண்வெட்டியோடு மேற்குக் கரைக்கு ஓடினான். ஓடியவன் ஓங்கிய கையைத் தாழ்த்தாமலே நின்றுவிட்டான். பெற்ற தந்தை உழுத மண்ணைத் தன் கையால் கொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

மழையில் நனைந்தபடி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒச்சாயி வந்தாள்.

“எல்லாம் என்னாலதான் புள்ள. ஆடியிலேயே தொடங்கியிருந்தா இந்நேரம் இறுகியிருக்கும்” என்றான் பேயாண்டி.

“நானும்தான் வேணாம்னேன். இப்ப அதப் பேசி என்ன?” அவள் வயலை ஒருமுறை பார்த்தாள். “போன பிள்ளைய நான் துணியில சுத்திக் குடுத்தேன். இன்னொரு தரம் என்னால ஆகாது. வெட்டுங்க.”

அவன் வெட்டினான். அழுதுகொண்டே வெட்டினான். கரை வாய்திறந்ததும் செந்நீர் சீறிப் பாய்ந்து, விளைந்த கதிரை நிற்கவிடாமல் சாய்த்து, வரப்பையும் வாய்க்காலையும் விழுங்கிப் பரவியது. உச்சிப்பொழுதில் பெருவெள்ளம் பாலத்தில் மோதிற்று. மாலை வரை மோதிற்று. பாதி வலிமை இழந்த அந்நீரை, பாதியே இறுகிய அக்கால் தாங்கி நின்றது.

கார்த்திகையில் ஒரு விடியலில் ஒச்சாயிக்கு வலி கண்டது. மருத்துவச்சி பாலத்தின்மேல் விரைந்து வந்து சேர்ந்தாள். பெண்பிள்ளை வீறிட்டழுதுகொண்டு பிறந்தது. அலுவலரும் வந்தார், பாலத்தை நோக்கினார், இடிக்க வேண்டுவதில்லை என எழுதிப் போனார். முழங்காலளவு மணலுக்கடியில் கிடந்த வயலை நோக்க அவருக்கு வேலையில்லை.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பர். பிறந்தது, ஊரைவிட்டுப் போகும் வழி. மதுரை ஆலையில் கூலி வேலை தேடி, தட்டுமுட்டுகளைத் தலையில் ஏற்றி, மகளைத் துணியில் சுற்றித் தோளிலிட்டு இருவரும் பாலத்தில் ஏறினர். ஓர் ஊர் நடந்து செல்லும் கல்லுக்குக் கீழே எவன் வயல் கிடக்கிறது என்று நடப்போர் எண்ணிப் பார்ப்பதில்லை. பார்க்கவும் வேண்டா, நடந்தால் போதும்.

நடுக்காலுக்கு மேலே வந்ததும் பேயாண்டி நின்றான். அக்காலோடு சேர்த்து அதே காரையால் கட்டிய கைப்பிடிச் சுவரின் கல்லிடுக்கில் நகத்தைப் பதித்து அழுத்திப் பார்த்தான். நகம் இறங்கவில்லை. பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, மேற்கே திரும்பிப் பாராமல் நடந்தான்.