கையுறை பற்றிய வரி

1

இந்தக் கதையை நான் கற்பனையில் கண்டெடுக்கவில்லை. ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலை பார்த்தபோது, ஒரு வாக்குமூலத்திலிருந்து ஒரு வரியை அழித்தேன். அந்த வெற்றிடத்தில்தான் இது தொடங்குகிறது.

2

"இயந்திரம் அவள் கையைக் கடித்த அன்று..."

(வேண்டாம். பழியைத் தூக்கி இயந்திரத்தின் மேல் போட எனக்குத்தான் எவ்வளவு ஆசை!)

மறுபடியும். மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவை நிலையம். விரிப்பு மடிக்கும் இயந்திரத்தில் செயற்கை நுண்ணறிவுக் கேமரா. கையைக் கண்டால் உருளை நின்றுவிடும். சூட்டுத் துணியைப் பிடித்துப் பிடித்து, மடிப்பவளின் உள்ளங்கை வெடித்திருந்தது. பார்க்கப் பொறுக்காமல் மேற்பார்வை அக்கா தன் வீட்டிலிருந்து கையுறை கொண்டுவந்து கொடுத்தாள். வெள்ளைக் கையுறை. வெள்ளை விரிப்பின் மேல் அது கை என்று கேமராவுக்குத் தெரியவில்லை.

இரண்டு விரல்கள் போயின.

3

மடிப்பவள் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள். விதிப்படி, கேமரா ஏன் தவறியது என்று நிரூபிக்க வேண்டியவளும் அவளே. கையுறை வழங்கியதாகப் பதிவேட்டில் இல்லை என்றது நிலையம். கேமரா தவறவே தவறாது என்றார்கள் அதைச் செய்தவர்கள். அவளுக்கு இருந்த ஒரே சாட்சி அக்கா. அக்கா நிலையத்து ஊழியை என்பதால், அவள் வாக்குமூலத்தை எழுதியது நிலையத்தின் வக்கீல், அதாவது நாங்கள்.

"கையுறை நான்தான் குடுத்தேன். எழுதிக்கோ தம்பி."

"ஏம்மா, தெருவுல போற பழியைக் கூப்பிட்டு உக்கார வச்சு உபசாரம் பண்றீங்க?" வக்கீல் சிரித்தார்.

"பின்ன? கையுறை தானா நடந்து வந்துச்சா சார்?"

சொன்னபடியே தட்டச்சு செய்தேன். அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். வக்கீல் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கையுறை வரியை அழித்தேன்.

அக்கா திரும்பி வந்தாள். "கண்ணாடி கொண்டாரல. நீ அடிச்சா சரியாத்தான் இருக்கும்ப்பா." கையெழுத்துப் போட்டாள்.

வழக்கு தோற்றது.

(ஓரக் குறிப்பு: நிரூபிக்கும் சுமையை இனி இயந்திரம் செய்தவர்மேல் வைக்க விதியைத் திருத்தப் போகிறார்களாம். நல்லது. தட்டச்சு செய்தவன் எந்த விதியில் வருவான்? ஆண்டவனிடம் கேட்டுப் பார்த்தேன். "விரல் இழந்தவளிடம் கேள்" என்பதுபோல் இருந்தது அந்த மௌனம்.)

4

முடிவு ஒன்று: மடிப்பவள் என்னை மன்னித்தா... இல்லை. அது நான் எழுதித் தரக்கூடியதல்ல.

முடிவு இரண்டு: அக்கா இன்னும் ஞாயிறுதோறும் அவள் வீட்டுக்குப் போய்த் தலை பின்னி விடுகிறாள். "உண்மையைச் சொல்லியும் தோத்துட்டோமேடி" என்று ஒவ்வொரு வாரமும் வருந்துகிறாள். இது நான் எழுதிய முடிவல்ல, நடந்துகொண்டிருப்பது.

இன்று ஞாயிறு. அந்த வாசலில் நிற்கிறேன். உள்ளே சீப்பின் சத்தம். கையில் இந்தத் தாள்கள். அழித்த வரி மூன்றாம் பகுதியில் அப்படியே இருக்கிறது. கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி பெரிய எழுத்தில் அடித்திருக்கிறேன்.

தட்டுவதற்கு முன் நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். எதையாவது விட்டுவிட்டேனா?