இரண்டு வருஷத்துக்குக் கவலையில்லை

ஆபீசில் அவருக்கு ஜோசியர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், அவருக்கும் தெரியும், கோபம் வரவில்லை. விமான இன்ஜினும் ராணுவத் தளவாடமும் செய்கிற ஒரு பெரிய கம்பெனியின் பங்கு ஏறுமா இறங்குமா என்று முதலீட்டாளர்களுக்கு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. சொன்னது நடந்தால் 'அன்றே சொன்னேன்', நடக்காவிட்டால் 'சூழ்நிலை மாறிவிட்டது'. கிளி ஒன்றுதான் குறை என்று அவரே நினைத்துக்கொள்வார்.

இத்தனைக்கும் அந்த இன்ஜினை அவர் நேரில் பார்த்தது ஒரே முறை. தலைக்குப் பொருந்தாத ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, மாடு வாங்க வந்தவர் மாதிரி தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஆனால் அது எப்படிச் சம்பாதிக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இன்ஜினை ஏறக்குறைய அடக்க விலைக்கே தள்ளிவிடுவார்கள். அப்புறம் அது பறக்கிற காலமெல்லாம் உதிரி பாகத்திலும் பழுது பார்ப்பதிலும் கறந்துவிடுவார்கள். எல்லையில் சண்டை தொடங்கியதிலிருந்து போர் விமானங்கள் ஓயாமல் பறந்தன, ஆர்டர்கள் குவிந்தன. அவருடைய அறிக்கையின் கடைசியில் 'அபாயங்கள்' என்று ஒரு பகுதி உண்டு. அதன் முதல் வரி: சமாதானம் ஏற்படலாம். அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

அதே எல்லையில்தான் அவருடைய அக்கா மகன் சிப்பாயாக இருந்தான்.

அக்கா குடியிருந்தது அவர் வீட்டுக்குக் கீழ்த் தளத்தில். கணவன் போன பிறகு ஒற்றையாளாக நின்று வளர்த்த பிள்ளை. தோளில் தூக்கித் திரிந்தவர் தாய்மாமனான இவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பிக்குச் சோறு போட்டுக்கொண்டே அக்கா கேட்டாள்:

"நீதான் நாள் பூரா இதையே பாக்குறியே தம்பி. இந்தச் சண்டை எப்ப நிக்கும்?"

ஜோசியரின் வாயில் சோறு இருந்தது. மூளை ஆபீசில் இருந்தது.

"கவலையே படாதக்கா. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நிக்காது. ஆர்டர் எல்லாம் அவ்வளவு கெட்டியா இருக்கு."

ஆறுதலாகத்தான் சொன்னார். பெரிய முதலீட்டாளர்களிடம் காட்டுகிற அதே குரல், அதே புன்னகை. அக்கா அடுத்த கரண்டிச் சோற்றை மேஜை மேல் போட்டாள். தட்டில் போடவில்லை என்பதுகூடத் தெரியாமல் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எனக்கு அதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள் என்று நொந்துகொண்டே போய்க் கதவைத் தட்டினார்.

"அக்கா, நான் பங்கைப் பத்திச் சொன்னேன்."

"தெரியும். நான் என் பிள்ளையப் பத்திக் கேட்டேன்."

அதோடு பேச்சு நின்றது. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சமாதானம் பேச மனைவியை அனுப்பினார். அவள் அக்கா கட்சியில் சேர்ந்து திரும்பி வந்தாள். அப்போதுதான் ஜோசியருக்கு உறைத்தது. பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அன்றிலிருந்து தினமும் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார். தன் வாக்கு பொய்த்துப் போக வேண்டுமென்று கும்பிட்ட முதல் ஜோசியர் அவராகத்தான் இருப்பார்.

ஒரு நாள் காலை, பெரிய முதலீட்டாளர்கள் சூழ உட்கார்ந்திருக்க, அவர் அடுத்த வருஷத்துக் கணிப்பை விளக்கிக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த டிவியில் செய்தி ஓடியது: போர் நிறுத்தம். பக்கத்தில் பங்கு விலை மளமளவென்று சரிந்தது. இழவு வீடு மாதிரி அத்தனை முகமும் தொங்கிவிட்டது. ஜோசியர் மட்டும் சிரித்தார். மேனேஜர் மேஜைக்கு அடியில் காலை மிதித்தும் நிறுத்த முடியவில்லை.

"சார், உங்க கணிப்பு என்னாச்சு?" என்றார் ஒருவர்.

"ஊத்திக்கிச்சுங்க!" என்று அத்தனை பல்லும் தெரியச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

அக்கா வாசலிலேயே நின்றுகொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள். தம்பியைப் பார்த்ததும் போனை நீட்டினாள்.

"மாமா! நல்லா மாட்டிவிட்டீங்க," என்றான் பையன். "நீங்க எனக்கு அனுப்புற ரிப்போர்ட்ட நம்பி இங்க கேம்ப்ல பாதிப் பேரு அந்தப் பங்க வாங்கி வச்சிருக்கோம். சண்டை நின்னுடுச்சுன்னதும் ஒருத்தன் குதிச்சு ஆடுனான். அப்புறம் விலையப் பாத்துட்டுத் தலையில கைய வச்சு உக்காந்துட்டான்."

சிரிக்க வாயைத் திறந்தவருக்கு அழுகை முட்டியது. குண்டு விழுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, குண்டு விழுவது நிற்காது என்று பிள்ளைகள் பணம் கட்டியிருக்கிறார்கள். அதுவும் இவர் பேச்சைக் கேட்டு. அவமானமாக இருந்தது.

"சொல்லுங்க மாமா. வித்துடவா, வச்சிருக்கவா?"

'நீண்ட கால நோக்கில் பார்த்தால்' என்று நாக்கு தன்பாட்டுக்குக் கிளம்பியது. அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலடா," என்றார். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் ஒருவரிடமும் சொல்லாத வார்த்தை அது. "முதல்ல நீ வீடு வந்து சேரு."

அந்தப் பக்கம் பையன் யாரிடமோ உரக்கக் கத்துவது கேட்டது.

"டேய், மாமா அடிச்சுச் சொன்னதுதான் கவுந்துச்சு. இப்ப அவருக்கே தெரியலையாம். தைரியமா வச்சிருக்கலாம்டா!"