விடாத ஒட்டு

ஆசைத்தம்பி பத்தருக்கு மருமகளைக் கண்டாலே ஆகாது. காரணம் கடைவீதிக்கே தெரியும். காரைக்குடியில் நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை போடும் சோதனை மையத்தில் கிருஷ்ணப்ரியாவுக்கு வேலை. பத்தர் செய்த வளையல் ஜோடி ஒன்று அங்கே போய், ஒட்டு வைத்துப் பற்றவைத்த இடங்களில் தங்கத்தின் மாற்று குறைகிறதென்று முத்திரை வாங்காமல் திரும்பி வந்தது. குறைகிறது என்று சோதித்துச் சொன்னவளே அவள்தான். மாமனார் செய்த நகை என்று தெரிந்தேதான் சொன்னாள்.

அன்றைக்கு முறுக்கிக்கொண்டவர் முறுக்கிக்கொண்டவர்தான். அவள் காபி போட்டால் குடிப்பதில்லை. அவள் உள்ளே வந்தால் இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விடுவார். மகன் சரவணக்குமார் சிங்கப்பூரிலிருந்து போனில் சமாதானம் பேசினான். நீ உன் சோலியைப் பார் என்று சொல்லி வைத்துவிட்டார். மூன்று தலைமுறையாக எங்கள் கை பட்டால் அதுவே முத்திரை, நேற்று வந்த மெஷின் யார் எனக்கு மாற்று சொல்ல? இதுதான் அவருடைய ஒரே பேச்சு. கேட்டுக் கேட்டு மனைவி மீனம்மாளுக்குக் காது புளித்துவிட்டது. ஆனாலும் புருஷனை விட்டுக்கொடுத்து அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்த லட்சணத்தில்தான் குக்கர் பிரச்சினை வந்து சேர்ந்தது. அது பிறந்த வீடான அரியக்குடியிலிருந்து ப்ரியாவுக்குச் சீராக வந்த குக்கர், வயிற்றில் அவள் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். ஒருநாள் மீனம்மாள் பருப்புக்குத் தண்ணீரைக் குறைவாக ஊற்றிவிட்டாள். மூடியிலிருந்த சின்னத் திருகின் நடுவிலிருந்து புஸ்ஸென்று ஆவி பீறிட்டது. அடுப்பை அணைத்தாள், அவ்வளவுதான். பருப்பு தீய்ந்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. பார்த்தால், அந்தப் பித்தளைத் திருகின் நடுவிலிருந்த ஈயம் போன்ற பொட்டு உருகிப் போய் ஓட்டை விழுந்திருந்தது.

பத்தருக்கு வாயெல்லாம் பல். சம்பந்தி வீட்டுச் சாமான் ஓட்டையென்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஒரு சூடு தாங்காத ஒட்டெல்லாம் ஒட்டா, இதற்கொரு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேறு என்று காறித் துப்பாத குறை.

ப்ரியா அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பேசினாள்.

"அது தாங்குறதுக்கு வச்சது இல்ல மாமா, உருகுறதுக்குன்னே வச்சது. உள்ள சூடும் அழுத்தமும் எல்ல மீறினா மொதல்ல அது போகணும், அப்பத்தான் ஆளு பொழைக்கும். எந்த நாட்டுல செஞ்சாலும் குக்கருக்கு இந்த மாதிரி ஒரு காவல் இருக்கணும்னு பல நாட்டுக்காரங்க ஒக்காந்து பேசி எழுதி வச்சிருக்காங்க. வெடிச்சுச் செத்தவங்களப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்காங்க."

"உருகுறதுக்குன்னு எவனாச்சும் ஒட்டு வைப்பானா?" என்று சிரித்தார் பத்தர். சிரிப்பில் விஷம்தான் இருந்தது.

அவள் மறுநாளே அதே கம்பெனித் திருகை முத்திரையோடு வாங்கி வந்து சமையலறை அலமாரியில் வைத்தாள். சாயங்காலம் வந்து மாட்டித் தருகிறேன் அத்தை, அதுவரைக்கும் குக்கரைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அவள் தலை தெருமுனையில் மறைந்ததுதான் தாமதம். பத்தர் பழைய திருகைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப்போனார். சுரண்டி, வெண்காரம் தடவி, வெள்ளிப் பொடி வைத்து, ஊதுகுழலை வாயில் வைத்து ஊதினார். வேலையைக் குறை சொல்ல முடியாது. ஓட்டை இருந்த இடம் தெரியவில்லை. அதையே திரும்பவும் மூடியில் மாட்டினார். புதுத் திருகை எடுத்து, அரத்தூள் கிடந்த இழுப்பறைக்குள் விட்டெறிந்தார். அதன் முகத்தில் முழிக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் வீடு அதிர்ந்தது. வெள்ளி ஒட்டு இந்தக் குக்கரே உருகினாலும் உருகாது, இனி ஆவி போக வழியில்லை என்று ப்ரியா கத்தினாள். வாங்கி வைத்த திருகு எங்கே என்று கேட்டாள். தெரியாது என்றார் பத்தர், மூஞ்சியைப் பார்க்காமலே. அவள் குக்கரைத் தூக்கிப் பரணில் போட்டாள். மறுநாள் அவர் ஏணி வைத்து இறக்கினார். இந்த வீட்டில் எந்தப் பாத்திரம் அடுப்பேறும் என்று நேற்று வந்தவள் சொல்வதா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டார்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் மீனம்மாள். அந்தக் குக்கரை ஒதுக்கினால் புருஷன் கைவேலையை ஒதுக்கியது போல. ஆகையால் மருமகள் இருக்கும்போது சட்டியில் வடித்தாள், அவள் வேலைக்குப் போனதும் குக்கரை ஏற்றினாள். குக்கரும் ஒழுங்காகத்தான் விசில் அடித்தது. பார்த்தாயா, பார்த்தாயா என்று பத்தருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒக்கூரிலிருந்து மீனம்மாளின் தங்கை அம்மாக்கண்ணு வருவதாகச் சொல்லியிருந்தாள். தங்கைக்குக் கறுப்புக் கவுனி அரிசி என்றால் உயிர். மீனம்மாள் காலையிலேயே ஊறப்போட்டு, ப்ரியா வேலைக்குப் போனதும் குக்கரில் வைத்தாள். கவுனியின் பசை எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நுரைத்துப் பொங்கி மேலேறி, விசில் குழாயில் போய் அடைத்துக்கொண்டது.

"ஏங்க, வெகு நேரமாச்சு, விசிலே வரலையே" என்று குரல் கொடுத்தாள் மீனம்மாள்.

பத்தர் பட்டறையில் இருந்தார். எழுந்து வந்து பார்த்திருக்கலாம். அடுப்பை அணை என்றாவது சொல்லியிருக்கலாம்.

"வரும், வரும். ஒட்டு நம்ம ஒட்டு. பயப்படாம வேலையப் பாரு" என்றார்.

புருஷன் சொன்ன பிறகு அவளுக்கு என்ன பயம்? விசிலைக் கரண்டியால் தட்டிவிடலாமென்று அடுப்படிக்குப் போனாள். இடி விழுந்த மாதிரி சத்தம் கேட்டு பத்தர் ஓடி வந்தபோது ஜன்னல் கம்பி வளைந்திருந்தது. சுவரெல்லாம் கருஞ்சிவப்பாகக் கவுனி வடிந்தது. மீனம்மாள் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் கிடந்தாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் கழுத்தும் தோளும் ஆறிவிடும் என்றார்கள். வலது கண்ணில் பார்வை வராது என்றார்கள்.

பத்தர் வராந்தாவில் உட்கார்ந்து முகத்தில் அடித்துக்கொண்டு அழுதார். அழுகை ஓய்ந்ததும் கோபம் வந்தது. அது போய் நிற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. கையில் கட்டைப்பையோடு வந்த மருமகளைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஒங்கப்பன் வீட்டுச் சாமான்தான் எம் பொஞ்சாதி கண்ணப் பறிச்சிருச்சு. முத்திர முத்திரன்னு குதிச்சியே, எங்க போச்சு ஒன் முத்திர?"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. ப்ரியா பையிலிருந்து குக்கர் மூடியை எடுத்து அவர் பக்கத்தில் பெஞ்சில் வைத்தாள். மூடி நெளிந்து, விளிம்பு கிழிந்து, கைப்பிடி பிய்ந்து போயிருந்தது. நடுவில் அந்தத் திருகு மட்டும் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில், அரத்தூள் ஒட்டியிருந்த இன்னொரு திருகையும் வைத்தாள். உறை இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது.

"ஒங்க இழுப்பறையிலதான் கெடந்துச்சு" என்றாள். "இனிமே எங்கிட்டப் பேசாதீக."

பத்தர் மூடியை எடுத்தார். எடுத்த கை தன்னால் நகத்தை வைத்து ஒட்டைச் சுரண்டிப் பார்த்தது. மயிரிழைப் பிளவுகூட இல்லை.

மீனம்மாள் உள்ளே கூப்பிடுவதாக நர்ஸ் வந்து சொன்னாள். மூடியைக் கீழே வைக்கத் தோன்றாமல் அதோடேயே போனார். பாதி முகத்தில் கட்டு. காலடிச் சத்தத்தை வைத்தே மீனம்மாள் ஆளைக் கண்டுகொண்டாள்.

"ஏங்க, ஒங்க ஒட்டு விட்டுப்போச்சா?" என்று கேட்டாள். "விட்டா விட்டுட்டுப் போகுது. அத நெனச்சு மனசு ஒடஞ்சு போகாதீக. எல்லாருக்கும் ஒருநா கை தவறத்தான் செய்யும்."

வாசலில் ப்ரியா நின்றாள். பத்தருக்கு ஆமாம் என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. கையிலிருந்த மூடியைப் பார்த்தார்.

"இல்ல மீனா" என்றார். "விடல."