கண்ணாடி இல்லாதவர்கள்

தேநீர் ஆறிப் போனதுகூடத் தெரியாமல் கணினித் திரையைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார் புள்ளிவிவர அதிகாரி. நாடு முழுக்க வீடு வீடாகப் போய், பெரியவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி எடுத்த கணக்கெடுப்பு அது. எழுத்தறிவு விகிதம் போன முறையைவிட எங்கேயோ எகிறியிருந்தது. அன்று மாலை அவரே மேடையேறி அதை அறிவிக்கப் போகிறார். இனி முதியோர் வகுப்புகளுக்கு அவசியமில்லை என்ற பரிந்துரையும் கூடவே போகிறது.

உதவியாளர் பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"சார், கண்ணாடி இல்லைன்னு சொல்லி வாசிக்காம விட்டவங்களை நாம கணக்குலேர்ந்தே எடுத்துட்டோம். போன தடவை அவங்களைத் தெரியாதவங்களோட சேர்த்திருக்காங்க. அதனாலதான் சார் விகிதம் ஏறியிருக்கு. அவங்கள்ல முக்கால்வாசிப் பேர் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவங்க."

"வாசிச்சுப் பார்க்காதவங்களைத் தெரியாதவங்கன்னு எப்படிம்மா சொல்றது? வேணும்னா ஆளுக்கொரு கண்ணாடி வாங்கிக் குடுத்துடலாமா?"

அறையே சிரித்தது. அவள் முகம் சுண்டிப் போய்த் தன் இடத்துக்குத் திரும்பினாள். உண்மையில் அந்தச் சந்தேகம் அவருக்கு முன்பே வந்ததுதான். ஏறிய எண்ணைப் பார்த்து மேலதிகாரி தோளில் தட்டிக் கொடுத்ததும், அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டார்.

மதியம் கோட்டை மாட்டும்போது பொத்தான் கையோடு வந்துவிட்டது. நல்ல வேளையாக, அக்காவின் தையல் கடை அடுத்த தெருவில்தான்.

"எவ்வளவு பெரிய அதிகாரி ஆனாலும் பொத்தானைப் பிச்சுக்கிட்டு வர்ற புத்தி மட்டும் போகலடா உனக்கு," என்று கோட்டை வாங்கிக்கொண்டாள் அக்கா.

அவர் அறிக்கையின் முதல் பக்கத்தை நீட்டினார். "இன்னிக்கு நான் பேசப் போறது. படிச்சுப் பாரேன்கா."

"கண்ணாடிய வீட்டுலயே விட்டுட்டேன்டா. நீயே படி, கேக்கறேன்."

சொல்லிக்கொண்டே நூலின் நுனியை உதட்டில் நனைத்து, அந்த அரை வெளிச்சத்தில் ஊசிக் காதில் ஒரே முயற்சியில் கோத்துவிட்டாள்.

நீட்டிய தாளை அவர் மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மருந்துச் சீட்டு, பேருந்துப் பலகை, அவர் வெளியூரிலிருந்து அனுப்பிய கடிதங்கள் என்று எதற்கும் அக்கா இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள். அவள் கண்ணாடி போட்டு அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"அக்கா, உனக்குக் கண்ணாடியே கிடையாதே."

ஊசி நின்றது. அக்கா தலை நிமிரவில்லை.

"வெளியில சொல்லிடாதடா, உனக்குத்தான் அசிங்கம். கணக்கெடுக்க வந்த பொண்ணுகிட்டயும் இதையேதான் சொல்லி அனுப்பினேன்." பிறகு கொஞ்சம் ஆவலாகச் சொன்னாள்: "சாயங்கால வகுப்புக்குப் போறேன், தெரியுமா? பேர் எழுத வந்துடுச்சு. அதுக்குள்ள மூடப் போறாங்கன்னு பேச்சு. எல்லாருக்கும் படிக்கத் தெரிஞ்சிடுச்சுன்னு எவனோ கணக்குப் போட்டுக் குடுத்துட்டானாம்."

தம்பி பள்ளிக்கூடம் போகட்டும் என்றுதான் அக்கா சின்ன வயதிலேயே தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். கூனிக் குறுகிப் போனார் மனிதர்.

"அந்த எவனோ நான்தான்கா."

அக்கா ஊசியை மறுபடி ஓட்டினாள். பொத்தானைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இனிமே மாத்த முடியாதாடா?"

"இன்னும் அறிவிக்கல."

"அப்புறம் இங்க என்ன பண்ணிட்டிருக்க?" என்று கோட்டை அவர் மேல் வீசினாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் நேராக உதவியாளரின் மேசைக்குப் போனார்.

"காலையில உன்னைக் கிண்டல் பண்ணினது என் தப்பும்மா. நீ சொன்னதுதான் சரின்னு எனக்கு அப்பவே தெரியும். அவங்களைத் திரும்பச் சேர்த்துக் கணக்குப் போடு. வகுப்பை மூடற பரிந்துரையையும் எடுத்துடு."

காலையில் சிரித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சேதி கேட்டு மேலதிகாரி பதறிக்கொண்டு ஓடி வந்தார். "விகிதம் தலைகீழா விழுந்துடுமேய்யா! எந்த முகத்தை வெச்சுக்கிட்டு மேடையில நிப்பீங்க?"

அதிகாரிக்கு முகம் எரிந்தது. புதிதாகத் தைத்த பொத்தானைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இந்த முகத்தோடதான் சார் நிப்பேன். படிக்கத் தெரியலைங்கறதை அவங்க வெக்கப்பட்டு மறைச்சாங்க. நாம நல்ல பேருக்காக மறைச்சோம். கணக்குலேர்ந்து ஒருத்தரை எடுத்துட்டா அவருக்குப் படிப்பு வந்துடாது சார். அவருக்குக் கிடைக்க வேண்டிய வகுப்புதான் போயிடும்."