ஆறாம் நம்பர் இடமும் இரண்டு நாற்காலிகளும்

அடுத்தவர் போட்டு வைத்த நாற்காலியைத் தொடுகிறவன் மனுஷ ஜென்மமே இல்லை என்பது ரோவீனாவின் தீர்மானமான அபிப்பிராயம். வீடு வாசலை விற்றுவிட்டு வண்டியிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். இப்படிப்பட்ட வண்டிகள் தங்குகிற, முன்பதிவு இல்லாத கேம்ப்பில் முதலில் வந்தவருக்கு இடம். மேஜைமேல் ஒரு துணியை விரித்து, பக்கத்தில் இரண்டு நாற்காலியைப் போட்டுவிட்டால் அந்த இடம் உங்களுடையது, நாற்காலிதான் பட்டா. அப்புறம் நீங்கள் சாவகாசமாக மளிகை வாங்கப் போகலாம், ஒருத்தரும் கிட்டே வரமாட்டார்கள்.

அவளுடைய நாற்காலிகள் இரண்டும் இப்போது மடக்கப்பட்டு ஒரு பைன் மரத்தில் சாய்ந்துகொண்டிருந்தன. மேஜைத் துணியையும் யாரோ அழகாக நாலாய் மடித்து அவற்றின்மேல் வைத்திருந்தார்கள். ஆறாம் நம்பர் இடத்தில் நாற்பதடி நீளத்துக்கு வீடு மாதிரி ஒரு புத்தம்புது பஸ் நின்றது. அதன் கறுப்பு வயர் கரன்ட் கம்பத்துப் பெட்டியில் ஏற்கெனவே செருகியாகிவிட்டது.

"அடப் பாவி!" என்றாள் ரோவீனா, ஸ்டியரிங்கை விடாமல். தன்னுடைய இருபத்தாறடி வண்டியைப் பாதையின் நடுவிலேயே நிறுத்தினாள். பின்னால் யார் வந்தால் என்ன, காத்திருக்கட்டும்.

அவளுக்குக் கோபம் வந்ததில் நியாயம் உண்டு. அரிசோனாவில் குளிர்காலம், மான்டானாவில் கோடை என்று ஏழு வருஷமாக அவளும் டெல்பர்ட்டும் ரோட்டில்தான் வாழ்கிறார்கள். இரண்டு வருஷமாக டெல்பர்ட்டுக்கு நுரையீரல் சரியில்லை. பகலில் ஒரு சின்ன சிலிண்டரை வைத்துச் சமாளித்துவிடுவார். ராத்திரி படுத்தால் ஆக்ஸிஜன் மெஷின் விடிய விடிய ஓடியாக வேண்டும். வண்டி பேட்டரியில் அது மூன்று மணி நேரம் தாங்கும். ஜெனரேட்டரைப் போடலாமென்றால் பத்து மணிக்கு மேல் எந்தக் கேம்ப்பிலும் விடமாட்டார்கள். இந்தக் கொலராடோ மலையிலோ ஒன்பதாயிரம் அடி உயரம், நல்ல நுரையீரலே திணறும். இருபத்திரண்டு இடத்தில் முதல் ஆறுக்கு மட்டும் கரன்ட். ஐந்து நிரம்பி, ஆறு காலியாக இருந்ததைப் பதினொன்றரை மணிக்குப் பார்த்தபோது ரோவீனா வண்டிக்குள்ளேயே கை தட்டினாள். அடுத்த கரன்ட் உள்ள கேம்ப், கணவாயைத் தாண்டித் தொண்ணூறு மைல்.

நாற்காலியைப் போட்டு, காவலுக்கு டெல்பர்ட்டையும் உட்கார வைத்துவிட்டுத்தான் அவள் வாசலுக்குப் போனாள். அங்கே வண்டியின் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய ஆறு வண்டி வரிசை. முன்னால் நின்ற ஒரு மேதாவி தன் குழாயை எந்தப் பெட்டியில் வைத்தோம் என்று தேடியே அரைமணியைத் தின்றான். அங்கேயே வாடகை போடுகிற இரும்புக் குழாய்க்குள் பணக் கவரைப் போட்டு, ஆறு என்று எழுதிய ரசீதைக் கிழித்துக்கொண்டு திரும்பினால், இந்தக் கண்றாவி!

டெல்பர்ட் எங்கே? பஸ்காரனின் பந்தல் நிழலில், அவனுடைய மெத்தை நாற்காலியில், கையில் எலுமிச்சை சோடாவோடு உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இல்லை. வெளியாள் யாரையாவது பார்த்துவிட்டால் முதல் வேலையாக அதைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிடுவார். ரோவீனாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, பாதியில் உட்கார்ந்தார்.

"யாரு என் நாற்காலியத் தொட்டது?"

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட அரை நிஜார், முகம் கொள்ளாத சிரிப்பு. "வாங்க மேடம், நீங்கதான் ரோவீனாவா? நான் ட்ரென்ட். உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம்."

"பேசினதெல்லாம் போதும். வயரைப் பிடுங்கு. இது என் இடம்."

"இல்ல மேடம், அது வந்து..."

"இந்தா ரசீது. ஆறுன்னு போட்டிருக்கு. படிக்கத் தெரியும்ல? நாற்காலி போட்டிருக்கு, துணி விரிச்சிருக்கு, ஒரு ஆளே உக்காந்திருக்காரு. இதுக்கு மேல என்ன, வேலி போடணுமா?"

"ரோவி, கொஞ்சம் நான்..." என்று ஆரம்பித்தார் டெல்பர்ட்.

"நீ பேசாம இரு டெல். நான் பாத்துக்கறேன்."

எப்போதும் அவள்தான் பார்த்துக்கொள்வது. மெஷின் வந்த புதிதில் டெல்பர்ட் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார், இந்த விஷயம் ரோட்டில் எவனுக்கும் தெரியக்கூடாதென்று. அதனால் கரன்ட் எதற்கு என்று கேட்கிறவர்களிடமெல்லாம் அவள் தனக்கு மூட்டுவலி என்றும், ராத்திரி மின்கம்பளம் இல்லாமல் தூங்க முடியாது என்றும் சொல்லி வந்தாள். அரிசோனாவிலிருந்து மான்டானாவரை அவளுக்குக் கம்பளக்காரி என்றே பெயர். போகட்டும் என்று விட்டிருந்தாள்.

இதற்குள் கேம்ப் பொறுப்பாளி நடீன் தன் சின்ன பேட்டரி வண்டியில் வந்து இறங்கினாள். கோடை முழுக்க இலவசமாகத் தங்கிக்கொள்ள ஓர் இடம் என்பதற்காகக் கக்கூஸ் கழுவி, சண்டை தீர்த்து வைக்கிற பெண்மணி, அவளும் வண்டிவாசிதான். "என்னம்மா, வாசல் வரைக்கும் கேக்குது சத்தம்" என்றாள்.

ரோவீனா ரசீதை அவள் மூக்குக்கு நேராக நீட்டினாள். "நீயே சொல்லு நடீன். நாற்காலியை நகர்த்தறது எந்த ஊர் நியாயம்?"

நடீன் ட்ரென்ட்டைப் பார்த்தாள். "அவங்க சொல்றது சரிதான். ரசீது அவங்க கையில இருக்கு. நாற்காலியை எதுக்குத் தொட்டீங்க?"

"நான் தொடல மேடம்" என்றான் ட்ரென்ட். அவன் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் வாடியிருந்தது. "சாரேதான் மடக்கி வச்சாரு. துணியையும் அவரே மடிச்சாரு. உங்களுக்குக் கரன்ட் கண்டிப்பா வேணுமான்னு நான் ரெண்டு தடவை கேட்டேன். எங்க வண்டியில ஐஸ் மெஷின், வீட்டு ஃப்ரிட்ஜ் எல்லாம் இருக்கு, கரன்ட் இல்லாம போனா உருகிடும். சார் சொன்னாரு, அதெல்லாம் வேண்டாம்ப்பா, என் பொண்டாட்டி கம்பளத்துக்குத்தான், ஒரு ராத்திரி அவ சமாளிப்பான்னு."

"பொய்!" என்று கத்தினாள் ரோவீனா. "வாய் கூசாம பொய் சொல்றான் பாரு!"

திரும்பி டெல்பர்ட்டைப் பார்த்தாள். டெல்பர்ட் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐஸ் கட்டி! இவன் கிளாஸில் போட்டுக் குலுக்குகிற ஐஸ் கட்டிக்காக இவர் மூச்சைத் தானம் பண்ணியிருக்கிறார். அதற்கும் பழி யார்மேல்? கம்பளக்காரிமேல்!

"இடத்துல இருந்தவரே எடுத்துக் கொடுத்துட்டா நான் என்ன பண்றது?" என்று நடீன் கையை விரித்தாள். "பதினேழு காலியா இருக்கு. கரன்ட் இல்ல, ஆனா ஓடை பக்கத்துல. கம்பளம் இல்லாம ஒரு ராத்திரிதானேம்மா?"

"என்கிட்ட கூட ரெண்டு ரஜாய் இருக்கு மேடம், தர்றேன்" என்றான் ட்ரென்ட். நல்ல மனசோடுதான் சொன்னான், அதுதான் இன்னும் எரிந்தது.

ரோவீனா டெல்பர்ட்டின் முழங்கையைப் பிடித்து வண்டிக்குள் கூட்டிப்போனாள். கதவைச் சாத்தினாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து, பையிலிருந்து குழாயை எடுத்து மூக்கில் மாட்டிக்கொள்ளும்வரை பொறுத்தாள். அவ்வளவுதான் அவள் பொறுமை.

"ஏன் டெல்? உனக்கு என்ன கிறுக்கா?"

"அவன் பைக்ல இருந்து இறங்கற மாதிரி அந்த பஸ்ல இருந்து குதிச்சு இறங்கினான் ரோவி. வந்து கை குடுத்தான். நீங்க என்ன வேலை பாத்தீங்க சார்னு கேட்டான். முப்பத்தோரு வருஷம் கம்பம் ஏறினேன், புயல் அடிச்ச மறுநாளு மூணு மாவட்டத்துக்குக் கரன்ட் இழுத்துக் குடுத்திருக்கேன்னு சொன்னேன். அடேங்கப்பான்னான். அதுக்கு அடுத்த கேள்வி, உங்களுக்குக் கரன்ட் வேணுமா சார்னு." டெல்பர்ட் நிறுத்தி மூச்சு வாங்கினார். "எப்படி ஆமான்னு சொல்றது?"

"வாயைத் திறந்து சொல்றது!"

"எல்லாரும் பாக்கற பார்வை உனக்குத் தெரியாது."

"எனக்கா தெரியாது? ரெண்டு வருஷமா ஊர் ஊரா கம்பளக் கிழவியா திரியறேனே, அந்தப் பார்வையெல்லாம் யாரு வாங்கினா? உன் கௌரவத்துக்கு என் முட்டியை நோயாளி ஆக்கினேன். ஆப்பிள் மரம் ஏறுவேன்டா நான், தெரியுமா உனக்கு? இன்னிக்கு நீயே அந்தப் பொய்யை எடுத்து என்னையே விலை பேசிட்ட. அவ சமாளிப்பாளாம்! எதை டெல் சமாளிக்கணும்? ராத்திரி பேட்டரி தீர்ந்ததும் நீ வாயைப் பிளந்துட்டு உக்காந்திருப்பியே, அதையா? அதைப் பாத்துட்டு நான் சமாளிக்கணுமா?"

டெல்பர்ட் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். அவர் உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்ததை ரோவீனா கவனித்தாள்.

"நீ போய்ச் சொல்லிடு ரோவி" என்றார் கடைசியில், மெல்லிய குரலில். "சத்தியத்தையெல்லாம் விட்டுடு. மெஷின் இருக்குன்னு சொல்லிடு."

"மாட்டேன்."

"ரோவி."

"மாட்டேன்னா மாட்டேன். உன் வாயா நான் இருந்தது போதும். நீ கொடுத்த இடம், நீ போய்க் கேளு. போகலைன்னா இப்பவே சாவியைத் திருப்பறேன். தொண்ணூறு மைல், கணவாய், வளைவு, எல்லாத்தையும் ஓட்டறேன். ஆனா அவன்கிட்ட ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது."

சொல்லிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். இந்த மனுஷன் அசையாமல் உட்கார்ந்திருந்தால் நிஜமாகவே ஓட்டியாக வேண்டும், அதுவும் அவளுக்குத் தெரியும். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நடீன் இன்னும் போகவில்லை. ட்ரென்ட் ரஜாயை எடுத்துக்கொண்டு வந்து அசட்டு முகத்தோடு நின்றான்.

பின்னால் கதவு திறந்தது. டெல்பர்ட் இறங்கினார். குழாய் மூக்கிலேயே இருந்தது. சிலிண்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாற்பது தப்படி இருக்கும் அந்தத் தூரத்தை இரண்டு இடத்தில் நின்று நின்று கடந்தார். ரோவீனாவால் உள்ளே இருக்க முடியவில்லை. இறங்கிப் பின்னாலேயே போய், கொஞ்சம் தள்ளி நின்றாள்.

ட்ரென்ட்டின் கண் குழாய்க்குப் போயிற்று, உடனே வேறு பக்கம் திரும்பிற்று. அந்தப் பார்வைதான். ரோவீனாவுக்கு அவன் காதைத் திருக வேண்டும்போல் இருந்தது.

"தம்பி, நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றார் டெல்பர்ட். "கம்பளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ முட்டி கல்லு மாதிரி இருக்கு."

"சார், நீங்க உக்காருங்க, நான்..."

"அதனால..." டெல்பர்ட்டுக்கு மூச்சு போதவில்லை. நின்றார். நெஞ்சு ஏறி இறங்கியது. நடீன் பதறிப்போய் ரோவீனாவைப் பார்த்தாள். ரோவீனாவின் வாய் தானாகத் திறந்தது, "அவருக்கு" என்று முதல் வார்த்தையே வெளியே வந்துவிட்டது.

டெல்பர்ட் திரும்பாமலேயே கையைத் தூக்கினார். "நான் இன்னும் முடிக்கல ரோவி."

அவர் அவசரப்படாமல் இரண்டு மூச்சு இழுத்துக்கொண்டார்.

"ராத்திரி என்னால தானா மூச்சு விட முடியாது. மெஷின் விடுது. அதுக்குக் கரன்ட் வேணும். எனக்கு வேணும். அந்த இடத்தைத் திருப்பிக் குடு."

ட்ரென்ட் ரஜாயை மேஜைமேல் போட்டுவிட்டு, பதில்கூடச் சொல்லாமல் ஓடிப்போய்க் கம்பத்திலிருந்து வயரைப் பிடுங்கினான். "ஷெல்பி! ஐஸ் எல்லாத்தையும் சிங்க்ல கொட்டு, கிளம்பறோம்!" என்று பஸ்ஸுக்குள் கத்தினான். அவன் பொண்டாட்டி உள்ளேயிருந்து என்னவோ திட்டினாள்.

டெல்பர்ட் நடந்துபோய் மரத்தடியிலிருந்த நாற்காலிகளில் ஒன்றை எடுத்தார். எடுத்துப் பிரிப்பதற்குள் இரைத்தது. ரோவீனா உதவிக்குப் போகவில்லை. கோபம் அவளுக்கு இன்னும் பாதிகூட ஆறவில்லை, இன்று ராத்திரி சாப்பாட்டின்போது அவருக்கு மிச்சம் இருக்கிறது.

நடீன் சட்டைப்பையிலிருந்து பேனாவையும் சின்ன நோட்டையும் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தாள். "தெரியாம போச்சேம்மா. ராத்திரி கரன்ட் போனா நானே ஓடி வர்றேன், என் ஜெனரேட்டர் இருக்கு, எந்த ரூலும் வேண்டாம். அவருக்கு ஆக்ஸிஜன் எத்தனை லிட்டர் ஓடணும்? டாக்டருங்க என்ன வியாதின்னு சொன்னாங்க?"

ரோவீனா வாயைத் திறந்தாள், மூடினாள்.

"அதோ உக்காந்திருக்காரே" என்றாள். "அவரையே கேளு."