நல்லகாமன் செய்த சத்தியம்

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பன் வாசலில் பொய்ச் சத்தியம் செய்ய மதுரைப் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் வராது. வரப்புத் தகராறோ திருட்டுப் பழியோ, அந்தக் கதவுக்கு முன்னால் சொன்ன சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். அந்த வாசலில்தான் நல்லகாமன் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து, "இவ என் பொண்டாட்டி தாமரைச்செல்வி இல்ல" என்று சத்தியம் செய்தான். பக்கத்தில் நின்றவள் சாட்சாத் தாமரைச்செல்விதான்.

விளாங்குடியில் உரக்கடை வைத்திருப்பவன் நல்லகாமன். காளவாசல் ரோட்டில் வண்டி சறுக்கி, தலையில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து தேறி வந்தான். அம்மாவைத் தெரிந்தது. கடைச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பதும் தெரிந்தது. சோறு வைத்த மனைவியை மட்டும் ஏற இறங்கப் பார்த்து, "தாமர மாதிரியே இருக்க. நீ யாரு?" என்றான். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வாரம் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

கருப்பன் வாசல் அவன் அம்மா செல்லத்தாயின் யோசனை. சாமிக்குப் பயந்து மகன் வழிக்கு வருவான் என்று நம்பினாள். அவனோ கை நடுங்காமல் சூடத்தை அடித்துவிட்டான். மகன் சொன்னது பொய்யில்லை என்றால் வீட்டில் இருப்பவள் யார்? அன்று சாயங்காலம் மருமகள் கொடுத்த காபியைச் செல்லத்தாய் குடிக்காமல் ஓரமாக வைத்தாள். கண்ணாடியைப் பார்க்கத் தாமரைச்செல்விக்கே பயமாக இருந்தது.

மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் எஸ்தர் என்று ஓர் உளவியலாளர் இருந்தார். மனசைப் படித்தவர்கள் எல்லோரும் ஒரே படிப்புத்தான் படித்திருப்பார்கள் என்று நினைத்து, தாமரைச்செல்வி நேரே அவரிடம் போய் அழுதாள்.

"அக்கா, நான் பிள்ளைங்க மனசு எப்படி வளருதுன்னு படிச்சவ. இந்தப் படிப்புல எம்புட்டோ கிளை இருக்கு. கூட்டத்துல சேந்தா மனுசன் ஏன் மாறிப்போறான்னு பாக்குறவங்க இருக்காங்க. வேல பாக்குற எடத்துல மனசு என்ன பாடுபடுதுன்னு ஆராயிறவங்க இருக்காங்க. பயமும் துக்கமும் முத்திப்போனா சரிபண்றவங்க தனி. மூளையில அடிபட்டா மனசுல எது அறுந்துச்சுன்னு தேடுறதுக்கே ஒரு கிளை இருக்கு. எங்களுக்குப் பாடம் நடத்துன கிளமெண்ட் சார் அந்தக் கிளைதான். அவர்கிட்ட போங்க."

தாமரைச்செல்வி மலைத்துப்போனாள். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்குள் நுழைய இத்தனை வழிகளா?

கிளமெண்ட் தன் அறையில் காலையிலிருந்து மதியம்வரை நல்லகாமனோடு பேசினார். பிறகு அவளைத் தனியே அழைத்தார். "அவர் செஞ்ச சத்தியம் பொய்யில்லம்மா. மனசறிஞ்சு அவர் பொய் சொல்லல. உங்க மொகத்த அவர் கண்ணு சரியாத்தான் பாக்குது. நமக்கு வேண்டியவங்கள பாத்ததும் உள்ள ஒண்ணு பொங்கி வரும்ல, அதுக்குப் போற பாத அடிபட்டுருக்கும்னு நெனைக்கிறேன். மொகம் இருக்கு, உள்ள ஒண்ணும் பொங்கல. அப்ப இது வேற ஆளுன்னு அவர் மனசு முடிவு கட்டிருச்சு."

"எம்மேல இருந்த பாசம் போயிருச்சா சார்?" அவளுக்கு வேறெதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

கிளமெண்ட் வாசல் பக்கம் கை காட்டினார். "சில பேருக்குக் கொரல் மட்டும் வேற பாதையில உள்ள போய்ச் சேரும். வெளிய போயி அவருக்குப் போன் போடுங்க. அவர் கண்ணுல பட்டுறாதீங்க."

வாசலில் வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனாள். ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரிந்தது. போன் அடித்தது. எடுத்தான்.

"ஏங்க" என்றாள்.

உட்கார்ந்திருந்தவன் விருட்டென்று எழுந்தான். "தாமர. எங்க போயிட்ட இம்புட்டு நாளா? சாப்டியா?"

"சாப்ட்டேங்க" என்றாள்.

"வீட்ல ஒருத்தி அச்சு அசலா ஒன்னமாதிரியே இருக்கா. பாவம், நல்ல பொம்பளதான். சோறுகூட ஒன் கைப்பக்குவத்துலயே ஆக்குறா. ஆனா ஒன் எடத்த நான் யாருக்கும் விட்டுக் குடுக்கல தாமர. நீ பயப்படாம வா."

இத்தனை நாளும் அவளைக் கிட்டே நெருங்கவிடாமல் விரட்டியது அவள் மேல் அவன் வைத்திருந்த பாசமேதான். மனுஷனுக்குள் இப்படியும் ஒன்று இருக்குமா என்று கைகால் ஓடாமல் நின்றாள்.

"தாமர, இருக்கியா?"

"இருக்கேங்க. நீங்க பேசுங்க."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினான். பத்தடி நடந்தால் அவன் பக்கத்தில் போய்விடலாம். போனால், அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் மறுபடியும் தாமரையைத் தேட ஆரம்பித்துவிடுவான். தாமரைச்செல்வி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்த வெயிலிலேயே நின்றாள்.